மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லி

பதினொரு மணிக்குப் பன்னிரண்டு.
பன்னிரண்டுக்கு ஒன்பது.
ஒரு மணிக்கு, பையைத் தட்டி, குழாயின் மடிப்பை நீவி,
டோர்ச் வெளிச்சத்தில் குந்தியிருந்து பார்த்தேன்: ஏழு.
கடுஞ்சாயத் தேநீரின் அடி மண்டி போல
ஏழு மில்லி.

பதினெட்டாம் கட்டில். தவநேசன், நாற்பத்தாறு, நாவலடி.
குடல் ஓட்டையாகி வந்து
வயிறு திறந்து, கழுவி, தைத்து, இன்று மூன்றாம் நாள்.
கால் வீங்கியிருக்கிறது, கண்மடலும்.
விரலால் அழுத்தினால் குழி விழுகிறது,
மூடுவதற்கு அது அவசரப்படவில்லை.
"மிஸ், தண்ணி."
மூக்குக் குழாய் இருக்கும்வரை வாய்க்கு ஒன்றுமில்லை.
பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தேன்,
களவாகக் கடித்து உறிஞ்சினான்.

வீங்கிய உடம்பு தாகத்தில் கிடக்கும்.
இதைப் படித்திருக்கிறேன்,
சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.
ஆனால் மட்டக்களப்பில் அன்று இரவு ஒன்றரை மணி,
நாற்பத்திரண்டு பேருக்கு நாங்கள் இரண்டு பேர்,
போனில் டொக்டர் நெத்மினியின் தூக்கக் குரல்:
"வீக்கம் இருக்கா?"
"இருக்கு."
"அப்ப லாசிக்ஸ் நாற்பது குடுங்க."
கேட்டதற்குப் பதில் சொன்னேன்.
நாக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

ஊசி போய் அரை மணியில்
இருநூற்றிப் பத்து!
கழுவிய கண்ணாடி போல வெளிர் மஞ்சள்.
கட்டிலுக்குக் கீழே பாயில் கிடந்த சுதாநிதி
எழும்பி, பையைப் பார்த்துக் கும்பிட்டாள்.
நானும்தான். பேனையால்.

காலையில் பிரஷர் எண்பத்தெட்டு.
கிரியற்றினின் இரண்டு தசம் ஆறு,
மறுநாள் நான்கு தசம் ஒன்று.

அவன் பெக்கோ ஓட்டுபவன்.
மார்கழியில் முகத்துவாரத்தின் மணலை வெட்டியவன்.
வந்த அன்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டே சொன்னான்:
"கச்சேரியில சொன்னாத்தான் வெட்டுவன், மிஸ்.
வயல் முங்குது எண்டு படுவான்கரை ஆக்கள் ஒரு பக்கம்,
பொறுங்க எண்டு தோணிக்காரர் ஒரு பக்கம்.
நான் கொஞ்சமாக் கீறி விடுவன்.
மற்றதத் தண்ணி பார்த்துக்கும்."

அது மாரியில்.
இவன் உடம்பில் வெள்ளம் வயலில் நின்றது,
தசையில், தோலுக்கு அடியில், வயிற்றின் மடிப்புகளில்.
வாவியில் இல்லை.
நாங்கள் வாவியின் வாயை வெட்டினோம்.
அடிமண்ணை மூடிக் கிடந்த கடைசி நீரும்
கடலுக்கு ஓடிய சத்தம் கேட்டு
பாயுது, பாயுது என்று மகிழ்ந்தோம்.

பெரிய டொக்டர் ரிக்கற்றைப் பின்பக்கமாகப் புரட்டினார்.
"வோல்டரனும் ரெண்டு நாள் போயிருக்கு."
இரண்டையும் வெட்டினார். சேலைன் எழுதினார்.
யார் என்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

எது காயப்படுத்தியது?
சீழா, விழுந்த பிரஷரா, வலிக்குச் செருகிய குளிசையா,
அந்த நாற்பதா?
சிறுநீரகம் ரிக்கற் எழுதி வைப்பதில்லை.
கழுத்தில் குழாய் போட்டு
இரண்டு முறை மெஷினில் இரத்தம் கழுவினார்கள்.
சுதாநிதி என்னிடம் மட்டும் கேட்டாள்,
"அண்டைக்கு நல்லாத்தானே போனது, மிஸ்?"
போனது, என்றேன்.
தண்ணீர்ச் சாடியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்,
அது வெறுமையாக இருந்தது.

ஒன்பதாம் இரவு. முறை திரும்பவும் எனக்கு.
முதலில் நாலு, பிறகு ஆறு.
மூன்று மணிக்குக் குந்தியிருந்து பார்த்தேன்,
இருபத்தெட்டு.
ஊசி போடவில்லை. யாரும் கீறவில்லை.
இன்னொரு முறை பார்த்தேன்.
"எவ்வளவு?" என்றான் மேலே இருந்து.
சொன்னேன்.
"இதுக்கா இவ்வளவு நேரமாக் குந்திட்டிருக்கீங்க?"

நாக்கை நீட்டச் சொன்னேன்.
ஒரு பிள்ளையைப் போல நீட்டினான்.
சீட்டில் நாக்குக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், சிறிய எழுத்தில் எழுதினேன்:
ஈரம்.